மூலம் என்று மூடி வைத்த நோய்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் அதுவே. அங்கிருந்து மேலும் உள்ளே, சாமைக் கொல்லைகளுக்கும் மரவள்ளித் தோட்டங்களுக்கும் நடுவே கிடக்கும் ஒரு சிற்றூருக்கு 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நாம் செல்ல நேர்ந்தது. மலையடிவாரத்தில் கன்னியர் நடத்தும் விடுதியில் தங்கிப் படித்த பெண்ணொருத்தி, தன் மூத்த அண்ணனுக்கு உடம்பு மிகவும் கெட்டுவிட்டதென்றும், சாமியார் ஒருமுறை வந்து பார்த்தால் தாய்க்கு ஆறுதலாயிருக்கும் என்றும் சொல்லியனுப்பியிருந்தாள். அக்குடும்பம் நம் மறையைச் சேர்ந்ததன்று. ஆயினும் துன்பப்படும் வீட்டு வாயிலில் நின்றுகொண்டு மறையை விசாரிக்கும் வழக்கம் நமக்கில்லை.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அந்த வாலிபருக்கு வயது 31. குடகுக் காப்பித் தோட்டங்களில் மூட்டை சுமந்தவர். நாம் பார்த்தபோது அவருடைய கையை எடுத்து அவரே மார்பின்மீது வைத்துக்கொள்ளச் சிரமப்பட்டார். தாய் நம்மைக் கண்டதும் அழவில்லை. அழுது முடித்தவராகக் காணப்பட்டார். "வயித்துக் கடுப்புன்னுதான் சாமி நெனச்சோம். அப்புறம் மூலம்னாங்க. மூலத்துல யாராச்சும் சாவாங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஐப்பசியில் அவர் இறந்தார். பின்னர் அந்த வீட்டாரிடமும், தங்கையிடமும் சிறிது சிறிதாகக் கேட்டறிந்த செய்தி இதுதான். பதினான்கு மாத காலமாக அவருக்கு மலத்தோடு இரத்தம் சென்றிருக்கிறது. முதலில் எவரிடமும் சொல்லவில்லை. தோட்டத்தில் உடன் வேலை செய்தவர் ஒருவர் சொன்ன பச்சிலையை அரைத்துக் குடித்தார். பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. அதன்பிறகு மலையடிவாரத்து ஊர் ஒன்றில், மூலம், பவுத்திரம் ஆகியவற்றை அறுவைச் சிகிச்சை இன்றிக் குணப்படுத்துவதாகப் பலகை மாட்டியிருந்த ஓர் இடத்துக்குச் சென்றார். ஊசி போட்டார்கள், பணம் வாங்கினார்கள், மீண்டும் வரச் சொன்னார்கள். மும்முறை சென்றார். ஒருமுறையேனும் எவரும் கையுறை அணிந்து, விரலால் சோதித்துப் பார்த்தாரில்லை. இறுதியில் மயங்கி விழுந்து, புதுச்சேரியிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. அங்கே விரலால் சோதித்த முதல் நிமிடத்திலேயே டாக்டருக்கு நோய் இன்னதென்று விளங்கிவிட்டதாம்.

பதினான்கு மாதம் எங்கே, ஒரு நிமிடம் எங்கே!

நிற்க. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு மரணம் மட்டுமன்று. சில மாதங்களுக்குப் பின் பழைய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, சரியாக நூறாண்டுக்கு முன், 1923இல், இதே தமிழகத்தில், இதே நோய், இதே விதமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு ஓர் இளம்பெண்ணின் உயிரைக் குடித்த செய்தியைக் கண்டு திடுக்கிட்டோம். அந்தப் பெண் ஏதுமறியாத மலைக்குடிசையில் பிறந்தவரல்லர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் உடன்பிறந்த தங்கை.

முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றவர். அத்தகைய ஒருவரின் வீட்டிலேயே, தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றுநோய் முதலில் சீதபேதி என்று கருதப்பட்டு, அதற்கான வைத்தியமே நடந்திருக்கிறது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. டாக்டரின் தங்கைக்கே இக்கதியென்றால், கல்வராயன் மலைக் கூலித் தொழிலாளியின் கதி என்னவாகும்?

அம்மையார் துக்கத்தோடு நின்றுவிடவில்லை. சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, 1927இல் அதன் துணைத் தலைவரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்மணி அவரே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டுமென்றும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்றும் அங்கே வாதாடினார். நோய் முற்றிய பின் மருந்து தேடுவதைவிட, முற்றுமுன் கண்டறிவது அரசின் கடமை என்ற எண்ணம் அவருடைய வாதங்களில் ஊடுருவி நிற்கிறது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை தேவை என்று முழங்கினார். அது நிறைவேற மேலும் 19 ஆண்டுகள் சென்றன. 1954இல், 12 படுக்கைகளோடு, சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021 ஜனவரியில் தாம் மறையும் வரை அந்நிலையத்தை விட்டு நீங்கவே இல்லை. அடையாற்றுக்கு நோயாளிகளை அழைத்துச் சென்ற குருக்களும் கன்னியரும் நம்மில் எத்தனையோ பேர் உண்டு. அக்கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஓர் இளம்பெண்ணின் மலக்குடல் நோய் புதைந்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாமும் அறியாமலேயே இருந்தோம்.

இனி நோயைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இப்பேச்சு கூச்சத்திற்குரியது என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குடும்ப இதழில் இதெல்லாமா என்றும் கேட்கலாம். குடும்பத்தில்தானே ஐயா இந்நோய் வருகிறது!

பெருங்குடலின் உட்சுவரில் முதலில் ஒரு சிறு சதை வளர்ச்சி தோன்றும். மருத்துவர்கள் அதனைப் பாலிப் என்பர். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில மட்டும், ஏறத்தாழப் பத்தாண்டு காலத்தில், மெல்ல மெல்லப் புற்றாக மாறும். கொலனோஸ்கோப் என்ற கருவியை உட்செலுத்திப் பார்க்கும்போது அந்தச் சதையை அப்பொழுதே கிள்ளி எடுத்துவிடலாம். புற்றுநோய் வராமலேயே போய்விடும். புற்றாகிவிட்டாலும் குடலோடு நிற்கும் கட்டத்தில் பிடித்துவிட்டால், பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றனர் என்று அமெரிக்கக் கணக்குகள் காட்டுகின்றன. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டாலோ, ஏழு பேரில் ஒருவர் பிழைப்பதே அரிது. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சில. அந்த அவகாசத்தை நாம்தான் வீணாக்குகிறோம்.

இது முதியவர்களுக்கு வரும் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மேலைநாடுகளில் இந்த எண்ணம் இப்பொழுது ஆட்டங்கண்டுவிட்டது. 1950ஐ ஒட்டிப் பிறந்த அமெரிக்கர்களோடு ஒப்பிட்டால், 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்கு என்றும், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்கு என்றும் 2017இல் வெளியான ஆராய்ச்சி அறிவித்தது. காரணம் உணவா, உடல் பருமனா, குடலில் வாழும் கிருமிகளா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். நம் நாட்டில் இந்நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆயினும் வருகிறவர்கள் இளையவர்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வந்த இந்நோயாளிகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வொன்றில் அவர்களுடைய சராசரி வயது 47 என்று குறிக்கப்பட்டிருந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்களின் வயதன்று அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்களின் வயது. அதே ஆய்வில் மலக்குடலில் தோன்றிய நோயின் பங்கு பெரிதாயிருந்தது. மலக்குடலில் தோன்றும் கட்டிகளுள் பலவற்றை ஒரு டாக்டரின் விரல் தொட்டறியும். ஒரு கையுறையின் விலைதான் செலவு!

அடையாளங்கள் என்னென்ன? அமெரிக்காவில் 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, 50 வயதுக்குட்பட்ட நோயாளிகளின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்தது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரை முன்னதாகவே நான்கு அறிகுறிகள் தென்பட்டிருந்தன. வயிற்று வலி, மலத்தில் இரத்தம், தொடர்ந்த வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. இந்த நான்கையும் மலையில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒன்றிரண்டு இருக்கும். கொக்கிப்புழுவும் சீதபேதியும் அங்கே புதியவை அல்ல. ஆதலால்தான் அபாயம் அங்கே இரட்டிப்பாகிறது. வெளுத்துப் போன முகத்தைக் கண்டால் இரும்பு மாத்திரை. வயிறு வலித்தால் புழு மருந்து. இரத்தம் போனால் மூலம். பெண்களாயின் மாதவிலக்கின்மேல் பழியைப் போட்டுவிடுவர். மாத்திரை கொடுப்பது தவறன்று. மாத்திரை கொடுத்தும் தீராதபோது, "ஏன் தீரவில்லை?" என்று கேளாதிருப்பதே தவறு. ஓர் ஆண்மகனுக்குக் காரணமின்றி இரத்தம் குறைந்தால், அந்த இரத்தம் எங்கோ வழியாகப் போயிருக்க வேண்டுமன்றோ?

இங்கேதான் சட்டத்தைப் பற்றிய பேச்சு வருகிறது.

நம் நாட்டில் தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. பின்னர் 30 வயது கடந்த ஒவ்வொருவரையும் தேடிச் சென்று சோதிக்கும் ஏற்பாடு அதனோடு சேர்ந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு, வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று உறுப்புகளின் புற்றுநோய்கள் அதில் இடம்பெற்றன. மிகுதியாக வருபவை அவை என்பதால் அத்தெரிவு நியாயமானதே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெருங்குடலுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாயிலுக்கே வந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்தனர். வயோதிகர் பலருக்கு அது பேருதவியாயிற்று என்பதை நம் கண்ணாலேயே கண்டோம். அந்தப் பெண் வீட்டுக்குள் வந்து அமரும்போது, "மலத்தில் இரத்தம் போகிறதா?" என்று இன்னும் ஒரு வினாவைச் சேர்த்துக் கேட்கலாகாதா என்பதே நம் ஆதங்கம். கேட்பதற்குக் கூச்சமாயிருக்கும், மெய்தான். மார்பகத்தைப் பற்றிக் கேட்பதற்கும் ஒரு காலத்தில் கூச்சமாகத்தான் இருந்தது.

பிறநாடுகள் இதனைச் சட்டத்தால் செய்திருக்கின்றன. ஜப்பானில் முதியோர் நலச் சட்டத்தின்கீழ் நடந்த பொதுப் பரிசோதனைகளோடு, 1992 முதல் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் சோதனையும் சேர்க்கப்பட்டது. 40 வயது முதல் அது கிடைத்தது. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், அரசின் நிபுணர் குழு உறுதியாகப் பரிந்துரைக்கும் தடுப்புப் பரிசோதனைகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் நோயாளியிடம் காசு வாங்கலாகாது என்று விதித்தது. அக்குழு 2021 மே மாதத்தில் இந்நோய்க்கான பரிசோதனை வயதை 50லிருந்து 45ஆகக் குறைத்தபோது, சட்டத்தின் பலத்தால் இலட்சக்கணக்கானோருக்கு அந்தச் சோதனை இலவசமாயிற்று. கொலனோஸ்கோப்பியின்போது பாலிப் ஒன்றைக் கண்டு அகற்றினால், 'இது சோதனையன்று, சிகிச்சை' என்று சொல்லி முதியோரிடம் கட்டணம் வாங்கும் விசித்திரமும் அங்கே இருந்தது. அதனைப் படிப்படியாக நீக்கவும் 2020 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது.

ஆனால் வயதைக் குறைப்பதோடு காரியம் முடிந்துவிடுமா? 'பிளாக் பாந்தர்' திரைப்படத்தில் நடித்த சாட்விக் போஸ்மேன் என்ற அமெரிக்க நடிகரை இளைஞர்கள் அறிவார்கள். 2016இல், 39 வயதில், அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2020 ஆகஸ்டில், 43 வயதில் காலமானார். வயதை 45ஆகக் குறைத்த அந்தப் புதிய விதியும் அவரைக் காப்பாற்றியிருக்காது. நம் மலைவாலிபருக்கோ 31தான். கோடு எங்கே போட்டாலும் கோட்டுக்கு இப்பால் சிலர் நிற்கத்தான் செய்வர். ஆதலின் நோயில்லாதவரைத் தேடிச் சோதிக்கும் சட்டம் ஒன்று. அறிகுறியோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பாத சட்டம் மற்றொன்று. இளவயதினருக்கு இரண்டாவதே முக்கியம் என்பது நம் துணிபு.

இதற்கு இங்கிலாந்து நல்ல முன்மாதிரி. அங்கே புற்றுநோயோ என்ற ஐயத்தின்பேரில் ஒருவரை அனுப்பிவைத்தால், 28 நாள்களுக்குள் 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அரசு மருத்துவப் பணிக்கு வகுக்கப்பட்ட இலக்கு. வயிற்றுக் கோளாறோடும் இரத்தப்போக்கோடும் வருபவரை உள்ளூர் டாக்டரே மலப் பரிசோதனை செய்து, அதன் அளவைப் பார்த்து மேலே அனுப்பும் முறையும் 2023இல் அங்கே விரிவாக்கப்பட்டது. இலக்கை எல்லா இடத்திலும் எட்டிவிட்டார்களா என்றால் இல்லை. இருந்தாலும் நாள் கணக்கு என்று ஒன்று எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, தவறினால் கேட்கலாம். நம் மலைவாலிபரின் பதினான்கு மாதங்களுக்கு எவர் கணக்கு வைத்தார்?

'இதெல்லாம் பணக்கார நாட்டுப் பேச்சு' என்று ஒதுக்குவோருக்கு ஒரு சொல். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் நம் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. அதற்கும் முன்பே, 1939இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றி இந்தியாவுக்கே வழிகாட்டியது. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. காலராவுக்கும் அம்மைக்கும் எழுதப்பட்ட அச்சட்டத்தின்கீழ், 2024 நவம்பரில், தொற்றுநோயே அல்லாத பாம்புக்கடி, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக்கப்பட்டது. மனமிருந்தால் பழைய சட்டத்துக்குள்ளும் புதிய உயிரைக் காக்க இடமுண்டு என்பதற்கு அதுவே சான்று. புற்றுநோயை நாடு முழுவதும் அறிவிக்கத்தக்க நோயாக்க வேண்டுமென்று பாராளுமன்ற நிலைக்குழு 2022இல் பரிந்துரைத்தது. அது நல்ல யோசனைதான். ஆயினும் அறிவிக்கப்படுவது கண்டுபிடிக்கப்பட்ட நோயே. கண்டுபிடிக்கப்படாதது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

வேறொரு சட்டமும் உண்டு. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997இல் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று, இருபத்தோராண்டு! (தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையார் 1930இல் கொண்டுவந்த மசோதா சட்டமாக 1947 வரை காத்திருந்ததும் நினைவுக்கு வருகிறது. நம் ஊர்ச் சட்டங்கள் மாட்டுவண்டியிலேயே பயணம் செய்கின்றன போலும்.) பேருந்து நிலையம்தோறும் காணப்படும் மூலம், பவுத்திரம் பலகைகளைப் பாருங்கள். அவற்றின் பின்னால் தகுதி பெற்ற, மனச்சாட்சியுள்ள வைத்தியர்களும் இருக்கின்றனர். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கமாட்டோம். ஆனால் இரத்தப்போக்கோடு வரும் எவரையும் உட்சோதனை செய்யாமல், அதன் முடிவை எழுதித் தராமல், மூலத்துக்கு வைத்தியம் செய்யலாகாது என்று அந்த விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தால் யாருக்கு என்ன நட்டம்? அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அவ்வரி பொருந்தட்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதனையும் மறைப்பதற்கில்லை. சீதபேதி மிகுந்த மலையில் மலப் பரிசோதனை செய்தால், புற்றில்லாத பலருக்கும் 'இரத்தம் உண்டு' என்றே முடிவு வரும். அத்தனை பேருக்கும் கொலனோஸ்கோப்பி செய்ய டாக்டர் எங்கே, கருவி எங்கே? நாம் அறிந்த டாக்டர் ஒருவர் இதையே நம்மிடம் சுட்டிக்காட்டி, "சாமி, எல்லாரையும் கீழே அனுப்பினால் நிஜமான நோயாளி வரிசையின் கடைசியில் நிற்பார்" என்றார். அவர் சொல்வது சரியே. ஆகவே முதலில் சீதபேதிக்கு மருந்து கொடுத்து, குறிப்பிட்ட வாரங்களுக்குப்பின் மீண்டும் சோதித்து, அப்பொழுதும் இரத்தம் நிற்காதவரை மட்டும் அனுப்புவதே மலைக்கு ஏற்ற முறையாகலாம். ஆனால் அந்த 'மீண்டும்' என்பதை எவர் செய்வது? குடகுக்கு வேலைக்குப் போய்விட்டவரை எவர் தேடுவது? அதற்காகத்தான் சட்டமும், பெயரெழுதிய பதிவேடும் வேண்டும் என்கிறோம். விரலால் செய்யும் சோதனைக்கோ இந்தத் தடை எதுவும் இல்லை.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. முன்போல் எல்லாவற்றுக்கும் விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் ஓட வேண்டிய நிலை மாறி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் இடையே உள்ள தூரம் கல் கணக்கில் மட்டும் அளக்கத்தக்கதன்று. இம்மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி முடிவுக்கு வந்ததே 1976இல்தான். நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகளுக்குப் பின்! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, நாடெங்கும் இம்மலையின் பெயர் அடிபட்டது. அதனையடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று அடிப்படைத் தேவைகள் அங்கே பேசப்பட்டன. விஷச் சாராயம் ஒரே இரவில் கொன்றது. ஆகவே எல்லோரும் கண்டார்கள். கள்ளச் சாராயமோ, கடையில் விற்கும் சாராயமோ, எதுவாயினும் மதுவே பெருங்குடல் புற்றுநோய்க்கான காரணங்களுள் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்து ஆண்டுகள் பலவாகின்றன. அது ஓசையின்றிக் கொல்வதால் எந்தச் செய்தித்தாளிலும் இடம் பெறுவதில்லை.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வயிற்றுக்கு மேலே வரும் நோயை நம்மவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் பேசுவர். கீழே வருவதைக் கட்டிய மனைவியிடமும் சொல்லார். நம் பங்கில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்தபின், ஆண்களை மட்டும் நிறுத்திவைத்து இதைப் பற்றிப் பேசினோம். சிரித்தார்கள். ஒருவர் வெளியே எழுந்து போனார். ஆனால் அந்த வாரத்தில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, இருட்டிய பிறகு நம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரையும் டாக்டரிடம் அனுப்பினோம். இறையருளால் மூவருக்கும் மூலமே. மூலமாயிருந்ததற்காக இவ்வளவு மகிழ்ந்தவர்களை நாம் பார்த்ததில்லை.

இரத்த உறவில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் மற்றவர்கள் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ வந்திருப்பின், 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, இவற்றுள் எது முந்தியதோ அப்பொழுதே கொலனோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சில குடும்பங்களில் பரம்பரைக் குறைபாடு காரணமாக இன்னும் இளவயதிலேயே சோதிக்க வேண்டியிருக்கும்.

இதனை அறிந்த அன்றே நாம் மலைவீட்டை நினைத்தோம். இறந்தவருக்கு 31, பத்தைக் கழித்தால் 21. அவருடைய தம்பிக்கு அப்பொழுது வயது 24. வர மறுத்தான். ஒன்றும் வலிக்கவில்லை, இரத்தம் போகவில்லை, எதற்காக வருவது என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவனுடைய தாய்தான், "உங்கண்ணனும் இப்படித்தான்டா மொதல்ல ஒண்ணும் இல்லேன்னான்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். 2025 தை மாதத்தில், முதல் நாள் இரவு முழுதும் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டுச் சோர்ந்து போயிருந்த அவனை அழைத்துக்கொண்டு, அதிகாலைப் பேருந்தில் மலையிறங்கினோம். வழியெல்லாம் அவன் நம்மை முறைத்துக்கொண்டே வந்தான்.

இரண்டு பாலிப்புகள் இருந்தன. டாக்டர் இரண்டையும் அங்கேயே எடுத்துவிட்டார். சோதனைக்கூடத்துக்கு அனுப்பியதில் இரண்டும் புற்றல்ல என்று பத்து நாள் கழித்து முடிவு வந்தது. மூன்றாண்டுக்குப் பின் மீண்டும் வரவேண்டும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தத் தாளை அவன் ரேஷன் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறான்.

அன்று மருத்துவமனை வாயிலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப தங்கச்சிக்குச் சாமி?" என்று கேட்டான். விடுதியில் படித்த அந்தப் பெண் இப்பொழுது திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வயது 22. அன்று மாலையே அவள் தங்கியிருக்கும் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினோம். ஷிப்டு முடிந்து ஒன்பது மணிக்குத்தான் வருவாள் என்றார்கள். ஒன்பது மணிக்கு மீண்டும் பேசினோம்.